கம்பெனி ஆயில் வரும்வரை

4 ஜூன் 1998, வியாழன்

காலையில் காரை எடுக்கப் போனால் அடியில் சிவப்பாகக் குட்டை. மாட்டு டாக்டர் புத்தி, முதலில் ரத்தம் என்றுதான் நினைத்தேன். கியர்பாக்ஸ் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷன் வண்டி வந்து தூக்கிப்போய், சாயந்திரமே ஒழுகிய ஆயில் சீலை மாற்றித் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஊற்றத்தான் ஆயில் இல்லை. கம்பெனியின் சொந்த ஆயில் மெட்ராஸிலிருந்து வர வேண்டுமாம். வேறு ஊற்றினால்? டை கட்டிய மேனேஜர் பதறிவிட்டார். "கியர்பாக்ஸ் போயிருமுங்க மேடம். கேரண்டியும் கெடையாதுங்க."

கேரண்டி முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இல்லாத ஒன்றை இத்தனை அக்கறையாகக் காப்பாற்றும் மனிதரை இன்றுதான் பார்த்தேன்.

5 ஜூன்

என் வீட்டுக்காரரின் தீர்ப்பு வந்துவிட்டது. பம்புசெட் கடை வைத்திருக்கிறாரே, உலகத்தில் சுழலும் எல்லாவற்றுக்கும் தம்பிதுரைதான் நிபுணர். "கம்பெனி ஆயில்தான் ஊத்தோணும் அம்மணி. கண்டதை ஊத்தறதுக்கு அதென்ன வெளக்கா?" வந்ததும் தானே போய் வாங்கிவருவதாகச் சொல்லி, சர்வீஸ் ஸ்டேஷனில் கடை ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். என்ன கரிசனம்!

அந்தக் கரிசனத்தோடு இன்னொன்றும் செய்திருக்கிறார். சுற்றுப்பயணம் போக முடியாத கால்நடை மருத்துவர்கள் கோவை ஆய்வகத்தில் மேசை வேலைக்கு ஜூன் 30-க்குள் விருப்பக் கடிதம் தரலாம் என்று ஆபீசிலிருந்து வந்த சுற்றறிக்கையை டிவி மேல், கண்ணில் குத்துகிற மாதிரி வைத்திருக்கிறார்.

ஐந்து வருடம் முன்னால் ஒரு லாரிக்காரன் புண்ணியத்தில் என் இடது முழங்கால் மடங்காமல் போனது. கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் இல்லாத இந்தக் கார் வந்த பிறகுதான் மறுபடியும் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். இது நின்றால் மேசை, ஃபைல், மத்தியானத் தூக்கம். வேறு வண்டிக்கு டிரைவர் வைத்துக்கொள்ளலாமாம். டிரைவர் ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போவான். மாடு அப்படி நேரம் பார்த்தா கன்று போடுகிறது?

9 ஜூன்

வரவில்லை.

13 ஜூன்

"ஏனுங்க, ஆயில் என்னாச்சுங்க?"

"மெட்ராஸ்ல இருந்தே இன்னும் கெளம்பலையாமா அம்மணி."

நடந்து வந்திருந்தால்கூட இந்நேரம் சேலம் தாண்டியிருக்கும்.

16 ஜூன், செவ்வாய்

காலை ஆறரைக்கு ஃபோன். காரமடைக்கு அந்தப் பக்கம் திருமலைசாமி தோட்டத்தில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது. காரில் என்றால் முக்கால் மணி நேரம். டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. காந்திபுரம் போய், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொற்றி, காரமடையில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்குத் தவம் கிடந்து, மிச்சத்தை நொண்டி நடந்து போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால்.

கன்று செத்துவிட்டது. ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் கையை விட்டு நிமிர்த்தியிருப்பேன். கிடேரிக் கன்று. தாய் பிழைத்தது.

திருமலைசாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. "பஸ்சுலயா வந்தீங்க டாக்டரம்மா? மொதல்ல காப்பித்தண்ணி குடிங்க." திட்டியிருக்கலாம்ல அந்த மனுசன். மாட்டு டாக்டர் கட்டுத்தறியில நின்னு அழுதா நல்லாவா இருக்கும்? அழுதேன்.

வீட்டில் சொன்னேன். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அதுக்குத்தான் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடுன்னு சொல்றன்" என்றார். போட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றிவிட்டது.

18 ஜூன்

கடைசியாக ஒருத்தரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று கோட்டைமேட்டு மெக்கானிக் உமர் பாரூக்கை வரச் சொன்னேன். மனுசர் காரைத் தொடவேயில்லை. கார் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க பாருங்க டாக்டரம்மா. இன்ன ரகம் ஊத்தோணும்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சிருக்கான். எங்க டப்பா மட்டுந்தான்னு எங்கீங்க போட்டிருக்குது?" அதே ரகம் போட்ட வேறு கம்பெனி டப்பா காந்திபுரத்திலேயே கிடைக்கிறதாம். "காரு பண்றவன் எண்ணெய்க் கெணறா வெட்டி வெச்சிருக்கான்? அவனும் வாங்கி ஊத்தறவந்தானுங்க. ஆனா எஞ்சின் ஆயிலை ஊத்திப்போட்டா கதை முடிஞ்சுது. பேரு மாறலாம், ரகம் மாறக்கூடாது."

எனக்குச் சுரீர் என்றது. பன்னிரண்டு வருடமாகக் கால்சியம் மருந்துக்கு ஒரே கம்பெனி பெயரைத்தான் எழுதிக்கொடுக்கிறேன். வேறு வாங்கி வந்தவர்களைக் கடிந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாட்டிலின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா? ஊருக்குத்தான் உபதேசம்.

20 ஜூன், சனி

ஊற்றியாச்சு. மேற்பார்வைக்கு வந்த தம்பிதுரை, எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதே கியர்பாக்ஸ் அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, "ஜாஸ்தி ஊத்திப்போட்டீங்க" என்றார். "எஞ்சின் ஓடிச் சூடானப்பறம் பாக்கோணுமுங்க. இது பம்புசெட்டு இல்லீங்க" என்றார் உமர் பாரூக். ஆகா, காதில் தேன்!

துடியலூர்வரை ஓட்டிப் பார்த்தேன். எதிரே வந்த ஆட்டோவின் சத்தம்கூட என் கியர்பாக்ஸ் சத்தமாகக் கேட்டது. "ஒரு வாரத்துல நிக்கும் பாரு" என்று வாழ்த்தினார் வீட்டுக்காரர்.

22 ஜூன்

நிற்கவில்லை.

24 ஜூன்

இருநூற்று அறுபது கிலோமீட்டர். நிற்கவில்லை. அவருக்குத்தான் ஏமாற்றம்.

25 ஜூன், வியாழன்

ஆயில் இனி வேண்டாம் என்று சொல்ல சர்வீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தேன். "பன்னண்டாந் தேதியே சார் வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்களே மேடம்?"

பன்னண்டாந் தேதி. பதிமூணாந் தேதி நான் கேட்டேன். கன்னு செத்தது பதினாறு.

26 ஜூன்

"ஏனுங்க, ஆயில் எங்கீங்க?"

மழுப்பவில்லை. "கடை குடோன்ல."

"ஏனுங்க?"

குடோன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "லாரி அடிச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரில உன்ற செருப்பு ஒத்தையை மட்டும் எங்கையில குடுத்தாங்க அம்மணி. நீ வண்டி எடுத்துட்டுப் போற ஒவ்வொரு நாளும் ஃபோனைப் பாத்துட்டே உக்காந்திருக்கறன். மேசை வேலைன்னா வெசனமில்லாம இருக்கலாமுன்னு நெனச்சுப்போட்டேன்."

கோபமா, பாவமா? இரண்டும்தான். கோபம் ஒரு படி ஜாஸ்தி.

"பயம் உங்களுதுங்க. செத்தது அவரு கன்னு. அங்க வந்து நீங்களே சொல்லுங்க" என்றேன்.

30 ஜூன், செவ்வாய்

கடிதத்துக்குக் கடைசி நாள். கொடுக்கவில்லை.

காலையில் வெள்ளை வேட்டி கட்டி வந்து, கார்க் கதவைத் திறந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் ஓட்டி அவர் ஒரு நாளும் ஏறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துடியலூர்வரை கண்ணையே திறக்கவில்லை. "மெதுவாப் போ அம்மணி." முப்பதில்தான் போனேன். ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது.

தோட்டத்தில் கும்பிட்டபடி நின்று எல்லாவற்றையும் சொன்னார். திருமலைசாமி அவர் முகத்தைப் பார்த்தார். "இத்தனை நாளு டாக்டரம்மாதான் தாமசமா வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டிருந்தனுங்க" என்றார். மாட்டுக் கயிற்றை அவிழ்த்து இவர் கையில் கொடுத்தார். நான் மாட்டைப் பார்த்து முடிக்கிறவரை கயிற்றை இவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பெரியநாயக்கன்பாளையத்தில் லாரிகள் நெருக்கியடித்தன. பயந்துவிடப்போகிறாரே என்று திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.