கல்லூரியிலிருந்து வந்த போன்

அன்புள்ள கார்சன்,

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஐஸ் ஹாக்கிக் குழு எங்கள் வீட்டில் தங்கவைத்த பையன்களில், சொல்லாமல் கிளம்பியவன் நீ ஒருவன்தான். மட்டைகளை உன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

உன்னைத் தன் அணிக்கு எடுப்பதற்காகப் போனில் விசாரித்த அந்த அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் உன் ஆட்டத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "அதெல்லாம் நானே பாத்துட்டேன் மேடம். வீட்ல பையன் எப்படி?" என்றார். தட்டைக் கழுவி வைப்பான், என் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான் என்றேன். பிறகு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"யார் கேட்டாலும் மூச்சு விடாதீங்க ஆன்ட்டி, நாலு வருஷ இலவசப் படிப்பு போயிடும்" என்று நீ கெஞ்சியது காதிலேயே இருந்தது. ஆனால் பனித்தளச் சுவரில் தலை மோதிய நாளிலிருந்து நீ பட்டப்பகலில் திரையை மூடிக்கொண்டு படுத்ததைப் பார்த்தவள் நான். நீ எடுத்த வாந்தியைத் துடைத்தவளும் நான். சொல்லிவிட்டேன். மறுநாளே உன்னை எடுப்பதில்லை என்று தெரிவித்துவிட்டார்கள்.

"என் வாழ்க்கைய முடிவு பண்ண நீங்க யாரு?" என்றாய். யாருமில்லைதான்.

வேறு பையனை அனுப்பட்டுமா என்று குழுவில் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். உன் அறைத் திரையை இன்னும் திறக்கவில்லை. வெளிச்சம் உன் கண்ணைக் கூசாத அன்று நீயே வந்து திற.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்தவள்