மூடுமலையில் கூறிய கட்டியம்

வானம் வழங்குக, வயல் விளைக, தாழைநாட்டுக் கோட்டை வாயில் காவல் குன்றாது நிற்க.

கோட்டைத்தலைவர், பகைவர் அஞ்சும் பெருந்தகை அரிமணவாளர் அவர்களுக்கு, நிலமளப்போர் தலைவி செங்கோதை மூடுமலையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை.

மன்னர் பெருமான் நெடுங்கோ வேனிற்காலத்தை இம்மலையில் கழிக்கத் திருவுளங்கொண்டு, இதன் காட்சிகளைக் கண்டு உரைக்குமாறு தம் முத்திரை மோதிரம் அளித்து எம்மை அனுப்பியதைத் தாங்கள் அறிவீர்கள். காட்சிகளில் குறையில்லை. அருவி பாறையைத் தொடாமல் விழுகிறது. சரிவெங்கும் காந்தள். மலைத்தேன் முதலில் கசந்து பின் இனிக்கிறது. விழாவில் பறை இல்லை, பாட்டு இல்லை. வெறுங்காலடி ஓசைக்கே ஊர் முழுவதும் பிசகாமல் ஆடுகிறது. பெரும்பள்ளத்தின் அருகே எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கைதட்டியே அழைக்கின்றனர்.

அரச முத்திரை புகும் எல்லையில் மன்னரின் விருதுப்பெயர்களைக் கூறுவது நம் மரபு. கட்டியங்காரர் கொற்றனார் பள்ளத்தின் விளிம்பில் அதற்கென நின்றார். உங்கள் அரசருக்குத் தம் பெயர் மறந்துபோகுமோ, ஆள் வைத்துக் கூவுகிறீர்களே என்று மலைத்தலைவி வள்ளை முதலில் நகைத்தார். பிறகு கொற்றனாரின் கையைப் பற்றி, கூவ வேண்டாம் என்று மன்றாடினார். மரபை மலைக்காக விடமுடியாது என்று கூறிக் கொற்றனார் முழங்கினார்.

எதிரொலி வரவில்லை. நான் ஒரு கல்லை எறிந்து பார்த்தேன். கல்லின் ஓசை திரும்பி வந்தது.

மறுநாள் கொற்றனாருக்குக் குரல் இல்லை. காய்ச்சல் இல்லை, தொண்டையில் வீக்கமும் இல்லை. அன்று காலை மூடுபனியின் உள்ளிருந்து அவர் குரல் எழுந்து, மன்னரின் விருதுகளை ஒன்றும் விடாமல் கூறியது. அதே வேளையில், என் முன்னே அமர்ந்திருந்த அவருடைய உதடுகள் அதே சொற்களுக்கு அசைந்தன. தாம் அசைக்கவில்லை என்று அவர் மணலில் எழுதிக் காட்டினார்.

அழைக்கப்பட்ட பெயருக்கு உரியவர் மறுமொழி தந்தால், குரலை எடுத்த பள்ளம் அவரையும் எடுத்துக்கொள்ளும் என்கிறார் வள்ளை.

இன்று ஆற்றோரச் சாவடியிலிருந்து காவலர் ஒருவர் வந்தார். மூடுபனியோடு கட்டியக்குரல் தம்மைக் கடந்து தலைநகர் நோக்கிச் சென்றதாகவும், மன்னரே எழுந்தருளினார் என்றெண்ணித் தாம் குனிந்து வணங்கியதாகவும், பனியில் திருமுகம் காணக் கொடுத்துவைக்கவில்லை என்றும் சொல்லி வருந்தினார்.

கட்டியக்குரல் கேட்டதும் முகம் பாராமல் கதவு திறப்பது நம் தலைநகர்க் கோட்டை வழக்கம். ஆகவே, வயதில் இளையவள் உரைப்பதைப் பொறுத்தருளி, அரச முத்திரையின் ஆணையாகக் கொள்க: கொற்றனாரின் குரல் வாயிலில் கேட்குமாயின் கதவு திறவற்க. மன்னர் பெருமான் அக்குரலுக்கு மறுமொழி தாராதபடி உடனிருந்து காக்க. கொற்றனார் இங்கே என் அருகில் இருக்கிறார்.

இவ்வாணை மலையினும் நிலைக்க. நெடுங்கோவின் முத்திரை.

முத்திரையிட்டபின் எழுதுவது: கொற்றனாரின் உதடுகள் மீண்டும் அசைகின்றன. இப்போது விருதுகளை அல்ல. நம் கோட்டை வாயிலில் மட்டும் அவர் கூறும் சொற்களை: மன்னர் வந்தார், கதவு திறக்க. இருமுறை கூறி நிறுத்தினார். இப்போது தலை வணங்கி, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குகிறார்.