வலிக்காத கட்டி

என்னங்க,

போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தையின் முழங்கால் வலிக்காகக் கடத்தூர் டாக்டரிடம் போனோம். அத்தை ஊசி போட்டுக்கொள்ள உள்ளே போன நேரத்தில், என் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"துளிகூட இல்லைங்க" என்று நல்ல சேதி சொல்வதுபோலச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தள்ளிப் போடாதம்மா. சேலத்துல சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். வூட்டுக்காரரை வரச் சொல்லு."

டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார் என்று பஸ்ஸில் அத்தை கேட்டதற்கு, எனக்கு ரத்தம் குறைவாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் பீட்ரூட் பொரியல். நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று, "இப்பத்தான் மூஞ்சில களை வந்திருக்குது" என்றார்கள்.

பெங்களூரில் லீவு சொல்லிவிட்டு வாங்க. அத்தையிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே வாங்க. தட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வூட்டுக்காரி