நான் மூடிய காற்றுத் திருகு

சகலை,

இதை எழுதும்போதும் கையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. காலையில் நாகமரைக் கரையில் மோட்டார் மக்கர் பண்ணியது. நம் பழைய மோட்டார்தான், வேறென்ன. ஏழு பேர் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கயிற்றை இழுக்க இழுக்க அது இருமிவிட்டு அடங்கியது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பார்த்தேன், பழுதில்லை. பிளக்கைக் கழற்றினால் நனைந்து, கரியேறிக் கிடந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தினமும் நம் படகில் வருகிற டீச்சர் கேட்டார்: "என்னங்க, உங்க சகல மாதிரியே நீங்களும் பிளக்க தொடைக்காம வந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிளக்கைத் துடைக்க மறந்து, படகை நடு ஆற்றில் நிறுத்தியவர் என்றுதான் இன்னும் உங்களைச் சொல்கிறார்கள்.

படகு நின்ற அந்த ஆடி மாதம் நமக்குள் பேச்சில்லை. கடத்தூரில், நமக்குப் பெண் கொடுத்த வீட்டில் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை உறவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "எங்க சகல கயிறு இழுத்தா மோட்டாரு கெளம்பாதுங்க, அவரு வேட்டிதான் அவுந்து கெளம்பும்." என் மாமியார்கூடச் சிரித்தார். நான் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். மறுநாளிலிருந்து ஒரே படகில் நீங்கள் பின்னால் மோட்டாரிடம், நான் நடுவில் டேங்கிடம், வாய்க்குப் பூட்டு. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் டீச்சர் மூலம் சொல்வோம். தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அந்த அம்மா, பாவம், நம் இரண்டு பேருக்கும் தபால்காரி ஆனார்.

பேச்சு இருந்த நாட்களில் நம் வேலையே கூப்பிட்டுச் சொல்வதுதான். தூறல் விழுந்தால், தண்ணீர் உள்ளே இறங்காதபடி டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகை முறுக்கிவிட்டு, "காத்து மூடிட்டங்க" என்று குரல் கொடுப்பேன். நீங்களும் "சரிங்க" என்பீர்கள். கிளம்புவதற்கு முன் அதைத் திறக்கச் சொல்வதும் நீங்கள்தான். அன்றைக்குத் தூறலில் மூடினேன், குரல் கொடுக்கவில்லை. திறக்கவும் மறந்துவிட்டேன்.

பாதி தூரம் போனதும் மோட்டார் நின்றது. அணை நிரம்பி ஆறு அகன்று கிடந்தது. மேல்காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்த கரட்டுப் பாறையை நோக்கிப் போனோம். துடுப்பை எடுத்து நான் வலித்தது கண்துடைப்புக்குத்தான், அந்தக் காற்றில் அது எம்மாத்திரம். நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். மறுபடி, மறுபடி.

"டீச்சர், பெட்ரோல் இருக்குதான்னு அவர கேளுங்க."

"இருக்குதுன்னு சொல்லுங்க டீச்சர்."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். தகர டேங்கின் பக்கம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்கவில்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கை நீட்டினால் எட்டுகிற திருகு.

நான் நீட்டவில்லை. இழுக்கட்டும், எனக்கு இழுக்கத் தெரியாதென்று சொன்னவர் நன்றாக இழுக்கட்டும் என்று இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. நீங்கள் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். மறுபடி இழுத்தீர்கள். உள்ளங்கை கிழிந்து, கயிற்றுப் பிடியில் ரத்தம். அலை பாறையில் அடிக்கிற சத்தம் காதில் விழத் தொடங்கியது. பலகையில் மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட்டுகளை ஆளாளுக்கு உருவினார்கள். ஒரு பாட்டியம்மா முனியப்பனை வேண்டிக்கொண்டிருந்தார்.

"நேரா பேசித் தொலைங்களேன் ரெண்டு பேரும்!" என்று டீச்சர் கத்தினார். தன் ஜாக்கெட்டின் பூட்டைப் போடப் பார்த்தார். அது உடைந்திருந்தது. அப்புறம் கத்தாமல், என் பக்கம் குனிந்து சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

திருகைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டது, குழிந்த தகரம் டொப்பென்று எழும்பியது. நீங்கள் திரும்பினீர்கள். டேங்கைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். ரப்பர் குழாயை அமுக்கிப் பெட்ரோலை ஏற்றி, இரண்டு இழுப்பு இழுத்தீர்கள். பிடித்துக்கொண்டது. பாறைக்கும் நமக்கும் ஒரு பரிசல் அகலம்தான் இருந்திருக்கும்.

பண்ணவாடிக் கரையில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் உங்கள் சட்டையைப் பிடித்தார். யார் மேல் தப்பு, யார் மேல் தப்பு என்று ஒரே சத்தம். நான் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரல்தான் கேட்டது: "பிளக்குல கரி அடைச்சுக்கிச்சுங்க. காலையிலயே தொடச்சிருக்கணும். எம்மேலதாங்க தப்பு."

டீச்சர் ஒரு மாதம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். என்னிடம் மறுநாளே பேசினீர்கள், ஒன்றும் நடக்காத மாதிரி. திருகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, உங்கள் வீட்டு அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் காரியத்தன்று அக்காள் அழுகைக்கு நடுவே, "அந்த மனுசன் ஒருக்கா பிளக்க தொடைக்காம ஊரையே கவுக்க பாத்தாரே" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

இன்று காலை பிளக்கை மாட்டினேன், மோட்டார் கிளம்பியது. நடு ஆற்றுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

"டீச்சர், அன்னைக்கு பிளக்கு இல்லீங்க. நான் டேங்க் காத்த மூடிட்டு மறந்துட்டேன். தெரிஞ்சும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேங்க. அவரு இழுக்கட்டும்னு."

அவர் என்னையே பார்த்தார்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதாங்க."

மறுபடி வேகத்தைக் கூட்டினேன். பண்ணவாடியில் டீச்சர் இறங்கினார். எப்போதும் "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், இன்று சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பும்போது வேறு படகில் ஏறினார்.

நாளைக்கு உங்கள் வீட்டுக்குப் போய் அக்காளிடமும் சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்வாரோ, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டீச்சர் அந்தப் படகில் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று நினைத்தேன் சகலை. அந்த முகத்திருப்பலை எனக்குப் பதிலாக நீங்கள் வாங்கி வைத்திருந்தீர்கள். இன்று அது என்னிடம் வந்துவிட்டது. இனி என்னிடமே இருக்கட்டும்.