கடைசி வெண்டைச் செடி

காட்டூர், திருச்சி
12.3.1961

அன்பு மகள் ராசாத்திக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். டெல்லியில் குளிர் விட்டதா? உன் இருமல் நின்றதா?

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ எழுதிய நாலு பக்கமும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்த அனுபவசாலி என்பதால் நிதானமாக மூன்று முறை படித்தேன். வைரஸ் பூச்சியுமில்லை, காளானுமில்லை. உள்ளே நூல் போல ஒரு சங்கதி, மேலே புரதத்தில் ஒரு சட்டை, அவ்வளவுதான் என்கிறாய். புகையிலை வைரஸைப் பாட்டிலில் வைத்தால் உப்பு மாதிரி வருஷக்கணக்கில் சும்மா கிடக்குமாம். இலைக்குள் நுழைந்தால்தான் உயிர் வந்ததுபோல் பெருகுமாம். அதற்குச் சொந்த அடுப்பு கிடையாது, அடுத்தவர் அடுப்பில்தான் எல்லாம் என்று எழுதியிருந்தாயே, அங்கே திடுக்கிட்டுப் போனேன். உன் அம்மா போனதிலிருந்து பக்கத்து வீட்டுச் சகாயம்மாள் குழம்பில் நான் காலம் தள்ளுவதை யாரோ உன்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நரம்பு மஞ்சளான வெண்டையைப் பிடுங்கிக் கொளுத்துங்கள், வெள்ளை ஈ மற்ற செடிக்கும் நோயைக் கொண்டுபோகும் என்று தையிலேயே எழுதினாய். பிடுங்கிவிட்டேன், மறுபடியும் ஒன்றில் வந்துவிட்டது என்று ஒவ்வொரு கடிதத்திலும் நான் எழுதினேனே, அதெல்லாம் ஒரே செடிதான்; நான் பிடுங்கவே இல்லை. அரியமங்கலம் பட்டறையிலிருந்து வந்ததும் அதற்குத்தான் முதலில் தண்ணீர். வெண்டை நன்றாக இருந்தவரை நீ மாதம் ஒரு கார்டு போடுவாய்: நலம், வேலை அதிகம். அதற்குச் சீக்கு வந்தபின் வாரம் நாலு பக்கம்.

நேற்று சகாயம்மாள் வேலியோரம் நின்று, “ஏண்ணே, சீக்குச் செடிக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? என் கொல்லையில ஆறு செடி மஞ்சளாப் போச்சு. நாளைக்குக் குழம்புக்குக் கிண்ணத்தத் தூக்கிட்டு வருவீங்கள்ல, வாங்க வாங்க!” என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கொல்லையில் மிச்சமிருந்த அந்த ஒரே செடியை இன்று காலை பிடுங்கிக் கொளுத்திவிட்டேன். இது நிஜம். அவளுடைய ஆறையும் நானே பிடுங்கிக் கொடுத்தேன். மத்தியானம் குழம்பு வந்துவிட்டது. கொல்லைதான் வெறிச்சென்று இருக்கிறது.

புது விதை வாங்கியிருக்கிறேன். எவ்வளவு இடைவெளி விட்டு ஊன்றுவது? எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். சித்திரையில் லீவு கிடைத்தால் நீயே வந்து ஊன்றலாம்.

ஒரு சீக்கும் அண்டாமல் நன்றாக இரு, அம்மா. இங்கேயும் இப்போது ஒரு சீக்கும் இல்லை. இருந்தாலும் எழுது.

உன் அப்பா,
நல்லதம்பி