கீழ் வயலில் கிடைத்த மீன் கல்

ஏப்ரல் 3

கீழ் வயலில் உழும்போது கலப்பை எதிலோ மோதி நின்றது. தம்பி வாட்டி கடப்பாரையால் நெம்பிப் புரட்டினான். ஆள் உயரப் பலகைக்கல். மண்ணைத் துடைத்தால் ஒரு சால்மன் மீன். அதன் கீழே கைக்கண்ணாடி, சீப்பு. நேற்று செதுக்கியதுபோல் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வாழ்ந்த பிக்டுகள் என்ற மக்களின் வேலை. ஆயிரத்து முந்நூறு வருஷமாவது ஆகியிருக்கும்.

“அக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாத. மூடிட்டு நடவைப் பார்ப்போம்.”

நான் தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன். வயலில் யாரும் கால் வைக்கக் கூடாதாம். அடுத்த வாரம் ஆள் வருமாம்.

ஏப்ரல் 12

வரவில்லை.

ஏப்ரல் 17

மறுபடி போன். “உங்க கடிதம் பரிசீலனையில இருக்கு மேடம்.” நான் கடிதமே எழுதவில்லையே! பக்கத்துப் பண்ணை டூகல் உருளைக்கிழங்கு நட்டு முடித்துவிட்டார். வேலியில் சாய்ந்துகொண்டு, “என்ன இஷ்பெல், இந்த வருஷம் கல்லுதான் விளைச்சலா?” என்கிறார். வாட்டி என்னோடு பேசி நான்கு நாளாகிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு கொட்டகைக்குப் போய்விடுகிறான். அவன் கோபம் புரியாமலா இருக்கிறது? ஆனால் நான் என்ன தப்புப் பண்ணினேன்?

ஏப்ரல் 21

சந்தையிலிருந்து திரும்பி வர்றேன் — கல்லு ரெண்டாக் கிடக்குது. வாட்டி டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்திருக்கிறான். மீனின் வயிற்றோடு முறிந்திருக்கிறது.

“ஓரமா நகர்த்தத்தான் பார்த்தேன்க்கா. ஓரமாத்தான்...”

அறையக் கை ஓங்கினேன். முகம் வெளுத்து நின்றான். அறையவில்லை. மண்ணுக்குள்ள அத்தனை காலம் பத்திரமா இருந்துச்சு. எங்க கையில மூணு வாரம் தாங்கலையே!

ஏப்ரல் 23

இன்றைக்கென்று பார்த்து வந்தார்கள். கேத்ரியோனா என்று ஓர் இளம் அதிகாரி. முறிவை விரலால் தடவினாள்.

“இது புதுசு. எப்படி ஆச்சு?”

“கலப்பை பட்டுருச்சு.” எத்தனை சுலபமாக வந்தது பொய்!

பின்னாலிருந்து வாட்டி, “கலப்பை இல்லீங்க. நான்தான்,” என்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

அவள் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள். பிறகு, “நாங்க ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருக்கணும்,” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மே 6

கல்லை இரண்டு பெட்டிகளில் வைத்து ஏற்றிப் போனார்கள். ஒட்டிவிடலாமாம், தழும்பு தெரியுமாம். இனிமேல்தான் நடவு. பிந்தியது பிந்தியதுதான்.

ஆகஸ்ட் 19

கல்லை ஒட்டி மியூசியத்தில் நிறுத்திவிட்டதாகக் கடிதம். மேசையில் வைத்தேன். வாட்டி இரண்டு தடவை படித்தான்.

“மியூசியம் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமாக்கா?”

திறந்திருக்கும் என்றேன். சர்ச்சுக்குப் போடும் கோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறான்.