என் தொண்டையில் பெரியத்தா

கூலாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷைமாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வல்ல அல்லாஹ் துணை செய்யட்டும். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும்தான். நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், காலையில் ஒரு மணி நேரம் கடையில் போய் உட்காருகிறேன். குரல் மட்டும் திரும்பவில்லை, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பதினைந்தாம் தேதி ஊசிக்கு நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்துவிட்டாய். என்னைக் கேட்டாயா? நிமோனியாவில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது குழாய் போடச் சொன்னதும் நீதான். பன்னிரண்டு நாள் அது தொண்டையில் கிடந்தது, உயிர் தங்கியது, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. குழாயை எடுத்த பிறகு ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டது, பேசினால் காற்று ஒழுகுகிறது, ஊசி போட்டு அதை நடுவுக்குத் தள்ளினால் குரல் வரும், குடிக்கிற தண்ணீரும் நுரையீரலுக்குள் போகாது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் எனக்கு எல்லாம் புரிந்தது.

போன மாதம் கடைப் போனில் உன்னைக் கூப்பிட்டு ஷைமா என்றேன். யார் நீ, ஏமாற்றுகிற கும்பலா, போலீசுக்குச் சொல்லவா என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டு வைத்துவிட்டாய். பிறகு நூறு முறை மன்னிப்புக் கேட்டாய், அது போகட்டும். நீ வைத்த பிறகும் போனைக் காதில் பிடித்தபடி இன்னொரு முறை ஷைமா என்று சொல்லிப் பார்த்தேன். அது உன் பெரியத்தாவின், என் அண்ணனின் குரல். புற்றுநோய் தொண்டையைத் தின்ற பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த குரல். அன்றிலிருந்து தொழுகையில் நான் ஓதும்போதெல்லாம் பக்கத்தில் அவர் நிற்கிறார்.

கடையைப் பிரித்த சண்டையில், அண்ணன் மௌத்தாகும்வரை பத்தொன்பது வருடம் நான் அவரோடு பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கடைசி வாரத்தில் அவர் மூன்று முறை போன் செய்தார். முதல் முறை, "காத்துதான் வருது, ஆளக் காணோம்லா" என்று கடையில் எல்லோரும் சிரிக்கும்படி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இரண்டாவது முறை ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். மூன்றாவது முறை அவர் தம்பி என்றது தெளிவாகக் கேட்டது. வைத்தேன்.

நீ போனை வைத்த மறுநாள், அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஆயர் ஈத்தாமுக்குப் பஸ் ஏறினேன். பெரியத்தா வீட்டு கேட்டில் நின்று சலாம் சொன்னேன். பெரியம்மா ஜாஹிதா அடுப்படியிலிருந்தே, "கேட்டு தெறந்துதாங்க இருக்கு, நல்லவேள மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க" என்றார். அண்ணன் போய் ஆறு வருடம். வெளியே வந்து என்னைப் பார்த்தவர் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு சொன்னார், "தம்பி, அன்னிக்கு நம்பர அமுக்கிக் கொடுத்தது நான்தான். தம்பி பேசலையான்னு கேட்டேன். லைன் சரியில்லன்னு சொல்லிட்டாரு. மூணு தடவயும் அதேதான் சொன்னாரு." கிளம்பும்போது, இன்னொரு தடவை சலாம் சொல்லிட்டுப் போங்க தம்பி என்று கேட்டார். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னார். இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு சலாம், அவ்வளவுதான்.

ஆகவே பதினைந்தாம் தேதி நான் போகப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆபத்து தெரியும், தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மடக்கு மடக்காகத்தான் குடிக்கிறேன். டாக்டரை விட்டு என்னை மடக்கப் பார்க்காதே. அந்தக் குரலை மூன்று முறை துண்டித்தவன் நான். நான்காவது முறை நடக்காது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல பிள்ளைகளையும் தரட்டும். தேதி தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

உன் அத்தா,
ருக்னுதீன்